ஆவுடைத்தாய் வளர்த்த பூசணம்

கலயத்தின் வாயில் கட்டியிருந்த ஈரச் சாக்கை அவிழ்த்து, மூக்கை உள்ளே விட்டு, இரண்டு தடவை ஆழமாக முகர்ந்தாள் ஆவுடைத்தாய். மூன்றாவது தடவை முகர்ந்தபோது முகம் மலர்ந்தது. "நல்லாப் பூத்துருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாக்கை மறுபடி இறுக்கிக் கட்டினாள். முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த வேலுச்சாமிக்கு வேப்பங்குச்சி வாயிலேயே நின்றுவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. பெண்டாட்டி விடிந்ததும் எழுந்து பூசணத்தை முகர்ந்து பார்ப்பதை அவரும் ஆறு வருஷமாகப் பார்க்கிறார். இன்னும் பழகவில்லை.

மற்ற வீடுகளில் சோறு பூசணம் பூத்தால் மாட்டுக்குக்கூட வைக்கமாட்டார்கள். தூக்கிக் குப்பையில் கொட்டிவிட்டுச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்கள். இந்த வீட்டில் சோறு பூக்கவில்லை என்றால்தான் முகம் வாடும். முதல் தடவை வேலுச்சாமி அந்தக் கலயத்தைத் திறந்தது பழைய சோறு இருக்கும் என்ற நம்பிக்கையில். உள்ளே சாம்பல் நிறத்தில் மயிர் அடர்ந்து, நடுநடுவே சிவந்த திட்டுகளோடு ஏதோ ஒன்று படுத்திருந்தது. "அடி ஆத்தீ! எலி செத்துக் கெடக்குடீ!" என்று அவர் கத்திய கத்தலில் தொழுவத்து மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. ஆவுடைத்தாய் நிதானமாக வந்து கலயத்தை வாங்கிக்கொண்டாள்.

"எலி இல்லீங்க, கம்பஞ்சோறு. மேல இருக்கது பூசணம். கைய வச்சிராதீக, நசுங்கிரும்."

ஒரு குடும்பப் பொம்பிளை, அதுவும் நாலு ஏக்கர் கரிசலும் ஒரு ஜோடி மாடும் உள்ள வீட்டுப் பொம்பிளை, கெட்டுப்போன சோற்றை இப்படிப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு போவாளா? அன்றைக்கு முழுக்க வேலுச்சாமி அந்தக் கலயம் இருந்த பக்கமே போகவில்லை.

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்துக்கு மேற்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் ஆவுடைத்தாயைத் தூரத்தில் வரும்போதே அடையாளம் சொல்லிவிடலாம். குட்டையான உருவம். முகத்தில் அம்மைத் தழும்பு. காதில் பாம்படம். பூமியைப் பார்த்து நடக்கிற வழக்கமே கிடையாது. ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருவாள், பாம்படம் இரண்டும் பின்பக்கம் தொங்கும். எதிரே வருகிற ஆளும் தெரியாது, காலடியில் கிடக்கிற கல்லும் தெரியாது. அதனால் வலது கால் பெருவிரலில் வருஷம் பூரா ஒரு துணிக்கட்டு இருக்கும்.

அவள் தேடுவது மரத்தில் ஒட்டிப் பிழைக்கிற புல்லுருவியை. அதன் பழத்தைத் தின்ற குருவி, ஒட்டிக்கொண்ட கொட்டையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் பறந்துபோகும். அந்தக் கொட்டை மரத்தின் தோலுக்குள் வேரை இறக்கிவிடும். பிறகு மண்ணும் வேண்டாம், உழவும் வேண்டாம். மரம் உறிஞ்சுகிற தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். பிடித்த இடத்தில் கிளை முண்டு முண்டாக வீங்கும். முண்டுக்கு அப்பால் இருக்கிற கிளை வற்றிப்போகும். அரிவாளால் வெட்டினாலும் உள்ளே இருக்கிற வேரிலிருந்து அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். "சாப்பிட வந்த வீட்டுலயே அடுப்பைப் பிடிச்சு உக்காந்துக்கிட்டுப் போகமாட்டேங்குது பாருங்க" என்பாள். நடுரோட்டில் நின்று மரத்தைப் பார்த்துத் திட்டுவாள். "வெக்கங்கெட்டது, எம்புட்டு மினுமினுப்பு! அம்புட்டும் அடுத்தவன் ரத்தம்!" வேலுச்சாமி கூட இருந்தால் நாலு எட்டு தள்ளி நின்று, தனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி வேட்டியைச் சரிசெய்துகொள்வார்.

பூசணம் அவளுக்கு வந்து சேர்ந்தது ஒரு பெருமழைக் காலத்தில். ஒன்பது நாள் விடாமல் தூறல். பத்தாம் நாள் வரப்போரப் புளியமரத்தடிக்குப் போனால், கீழே புல்லுருவி இலையாகக் கொட்டிக் கிடக்கிறது. இலை தவறாமல் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி. புளிய இலை ஒன்றில்கூடப் புள்ளியைக் காணோம்! ஆவுடைத்தாய் அப்படியே மலைத்துப்போய் நின்றாளாம். பிறகு அந்த இலைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள். இலையில் பூத்தது சாக்கில் பூத்தது; சாக்கில் பூத்ததைக் கம்பஞ்சோற்றில் தொட்டு வைத்தாள், சோற்றிலும் பூத்தது. அதைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து, மூங்கில் கழி நுனியில் துணிப்பந்து கட்டி, அடுத்த மரத்துப் புல்லுருவியில் ஒத்தி எடுத்தாள். பதினெட்டாம் நாள் அந்தக் கொத்து மொட்டை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரிடமும் கேட்டதுமில்லை.

கண்ட மரத்தில் எல்லாம் பூசிவிடவும் மாட்டாள். முதலில் அந்த மரத்தின் சொந்த இலை ஒன்றில் பூசி, ஈரத்துணி சுற்றிப் பத்து நாள் காத்திருப்பாள். புள்ளி வரவில்லை என்றால்தான் மேலே கை வைப்பாள். கிணற்றடியில் நின்ற கறிவேப்பிலையில் அப்படிப் பூசிப் பார்த்ததில், செடியே புள்ளி விழுந்து மொட்டையாகிவிட்டது. ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லாமல் வேலுச்சாமி ஒரு வருஷம் சாப்பிட்டார். "நல்லவேளை, தெரிஞ்சுக்கிட்டோம்" என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், பூசணத்துக்கு ஈரம் வேண்டும். சிவகாசிப் பக்கத்துக்கு ஈரம் என்றாலே குலை நடுங்கும். பட்டாசும் தீப்பெட்டியும் வெயிலை நம்பிப் பிழைக்கிற தொழில். வானத்தில் ஒரு மேகம் தலைகாட்டினால் தீப்பெட்டி ஆபீஸ் என்கிற ஆலைகளில் ஓடி ஓடிக் காயப்போட்ட குச்சிச் சட்டங்களை உள்ளே தூக்குவார்கள். அந்த நேரம் பார்த்து இவள் கையைக் கூப்பி, "இன்னும் நாலு நாளைக்கு இப்படியே தூறு தாயே" என்று வேண்டுவாள். ஒருநாள் சொட்டச் சொட்ட ஈரச் சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு ஆபீஸ் காயப்போடும் களம் வழியாக நடந்து போய்விட்டாள். மேஸ்திரி காசிராஜன் பதறிப்போய், "ஏ மதினி! மதினி! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அங்கனயே நில்லுங்க!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். அன்றிலிருந்து அவளுக்குச் சுற்றுவழிதான்.

இதைவிட ஊர்ப் பெண்கள் வாயைப் பிளந்தது இன்னொரு காரியத்துக்கு. ஐப்பசி பிறந்துவிட்டால் மார்கழி முடிகிற வரைக்கும் ஆவுடைத்தாய் மஞ்சள் தேய்த்துக் குளிக்கமாட்டாள். மஞ்சள் பட்ட கையால் தொட்டால் பூசணம் மறுநாளே கருகிவிடுகிறது என்று இரண்டு தடவை பட்டுத் தெரிந்துகொண்டாள். புருஷன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது ஒரு சுமங்கலி மூன்று மாசம் மஞ்சள் பூசாமல் இருப்பதா? வேலுச்சாமியே ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நான் உசுரோட இருக்கேன்லா பிள்ள? அது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். "அதுக்கென்ன, நல்லா இருப்பீக. தையில சேத்துப் பூசிக்கிறேன்" என்றாள்.

அம்மை விஷயத்தில் மட்டும் ஊர் அவள் பேச்சைத் தட்டாது. மூன்று வயது மகளை அம்மையில் பறிகொடுத்தவள் அவள். முத்து முழுக்கக் காய்ந்து அம்மை இறங்குமுன்னே அவசரப்பட்டு முதல் தண்ணீர் ஊற்றியதுதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று அவள் மனசில் ஆணி அடித்த மாதிரி ஒரு எண்ணம். அதற்குப் பிறகு எந்த வீட்டில் அம்மை போட்டாலும் கூப்பிடாமலே போய்விடுவாள். வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டு ராவும் பகலுமாக உட்கார்ந்திருப்பாள். முத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிற நாளை அவள்தான் சொல்லவேண்டும். பூசாரி முனியசாமியே, "ஆவுடைத்தாய் பாத்துச் சொல்லட்டும்" என்று ஒதுங்கிக்கொள்வார்.

ஊர்க் கிழக்கே மாரியம்மன் பீடமும், அதன்மேல் குடைபிடித்த மாதிரி ஒரு வேம்பும் உண்டு. அந்த மரத்தில் இரும்பு படக்கூடாது. ஒரு கொழுந்து கிள்ளுவதென்றாலும் பூசாரிதான் கிள்ளவேண்டும். எதிரே ஐம்பது எட்டு நடந்தால் தீப்பெட்டி ஆபீஸ். கைப்பிள்ளைக்காரிகள் காலையில் வந்ததும் வேம்பின் கிழக்குக் கிளையில் சேலையைப் போட்டுத் தொட்டில் கட்டி, பிள்ளையைக் கிடத்திவிட்டு, அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள். ஒன்பது தொட்டில் வரிசையாக ஆடும். முறை போட்டு ஒருத்தி வந்து பார்த்துக்கொள்வாள். சுற்றுவட்டாரத்தில் வேறு நிழல் கிடையாது.

அந்தக் கிளையில் புல்லுருவி ஏறி நாலு வருஷம் ஆகிவிட்டது. கொத்துக் கொத்தாகச் செம்பூ பூத்தது. "அம்மன் மரம் செவப்பாப் பூத்துருக்கு" என்று ஊரே கும்பிட்டது. ஆவுடைத்தாய்க்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அறுபத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில் ஒரு கை கனத்துக்கு ஒரு குச்சி முறிந்து, பொன்னுத்தங்கத்தின் ஐந்து மாதப் பிள்ளை கிடந்த தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்றைக்கே ஆவுடைத்தாய் பூசாரியிடம் போனாள். பெரிய கிளையும் ஒருநாள் இப்படி விழும், புல்லுருவியை எடுத்தாகணும் என்று மன்றாடினாள்.

"அம்மன் பூவா பூத்து நிக்கிறதை எடுக்கச் சொல்றீகளா? என் கையால முடியாது தாயி. அவ பிள்ளைக, அவ பாத்துக்கிடுவா" என்றார் முனியசாமி.

தாய்மார்களிடம் சொன்னாள். "வேற எங்க அத்தை கட்டச் சொல்றீக?" என்று பொன்னுத்தங்கம் கேட்டாள்.

ஐப்பசிக் கடைசியில் தூறல் பிடித்தது. தூறல் விழுந்தால் ஆபீசில் வேலை கிடையாது, வேம்படியில் தொட்டிலும் கிடையாது. மத்தியானம் மாட்டைத் தேடிக்கொண்டு போன வேலுச்சாமி, மரத்தடியில் ஒரு நீளக் கழி ஆடுவதைப் பார்த்தார். கழியின் அடியில் தன் சம்சாரம் நிற்பதைப் பார்த்தார்.

"அடிப் பாவி! அம்மன் மரத்துலயா?"

"இரும்பு படலையே! கழிதானே? துணிதானே?" என்றாள் அவள், அண்ணாந்தபடியே. "கை எட்டல. வந்து கழியைப் பிடிங்க."

"நான் மாட்டேன். குடும்பம் வெளங்காது."

"பிள்ளை மேல விழுந்தா மட்டும் வெளங்குமா?"

வேலுச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே வந்து கழியைப் பிடித்தார். கஞ்சித் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அம்மா தாயே, இது நான் இல்லை, இது நான் இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கொத்தாக ஒத்தவிட்டார். வேப்பிலையில் பூசிச் சோதித்துப் பார்த்தாயா என்று கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை. அவள் புரட்டாசியிலேயே சோதித்து முடித்திருந்தாள்.

எட்டாம் நாள் காலையில் ஊர் அலறிக்கொண்டு எழுந்தது. பூப்பறிக்கப் போன முனியசாமி, கையில் குடலையோடு தெருவில் ஓடிவந்தார். "அம்மா மரத்துல எறங்கிட்டா! மரத்துக்கு முத்துப் போட்டுருக்கு!" கூட்டம் கூடிப் பார்த்தது. கிழக்குக் கிளையில் இலைக்கு இலை வட்ட வட்டமாக முத்து, நடுவில் குழி, சுற்றிப் பழுப்பு வளையம். மனுஷ உடம்பில் போடுகிற அதே முத்து! பெண்கள் குலவை போட்டார்கள். சிலர் அழுதார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்ற வேலுச்சாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அம்மை கண்ட வீட்டில் நடப்பது மாதிரியே நடந்தது. மரத்தைச் சுற்றி வேப்பந்தோரணம். எந்த வீட்டிலும் தாளிப்பு கிடையாது. இளநீரும் கூழும் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மை கண்ட மரத்தடியில் பிள்ளையைப் போடுவார்களா? ஒன்பது தொட்டிலையும் அவிழ்த்தாயிற்று. பிள்ளைகள் ஆபீஸ் மதிலோரம் சாக்கு விரிப்பில் கிடந்தன. வெள்ளிக்கிழமை முதல் தண்ணீர் ஊற்றுவது என்று பேச்சு வந்தது. பூசாரி மரத்தில் ஏறி, மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குடம் குடமாக உச்சியிலிருந்து ஊற்றுவார். ஒரு இலை விடாமல் நனையவேண்டும்.

மஞ்சள் என்ற சொல்லைக் கேட்டதும் ஆவுடைத்தாயின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை வேலுச்சாமி பார்த்தார். புள்ளி விழுந்து பாதிதான் ஆகியிருந்தது. இப்போது மஞ்சள் தண்ணீர் பட்டால் பூசணம் கருகிவிடும், புல்லுருவி பிழைத்துக்கொள்ளும், பிள்ளைகள் திரும்பி அதே கிளைக்கு வந்துவிடும். இந்த வருஷத்து ஈரம் முடிந்தால் அடுத்த ஈரத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கவேண்டும்.

"ஆவுடைத்தாய் பாத்துச் சொல்லட்டும்" என்றார் முனியசாமி.

அவள் போய் நின்றாள். அண்ணாந்தாள். "புது முத்துப் போட்டுருக்கு. இன்னும் எறங்கல. தண்ணி ஊத்தக்கூடாது" என்றாள்.

வேலுச்சாமிக்குத் தலையில் இடி இறங்கியது. சொன்னது பொய் இல்லை. புதுப் புள்ளி போட்டிருந்தது உண்மைதான். ஆனாலும் அம்மன் முன்னால் நின்றுகொண்டு அம்மனை வைத்தே ஊரை ஏய்க்கிறாளே! அதுவும் எந்த விஷயத்தில்? பெற்ற பிள்ளையைக் கொடுத்த விஷயத்தில். வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "உனக்கு நடுக்கமே இல்லையா பிள்ள?" அவள் கையை நீட்டிக் காட்டினாள். விரல் ஐந்தும் நடுங்கிக்கொண்டிருந்தன.

இரண்டாம் வெள்ளியும் அதே பேச்சு, "இன்னும் எறங்கல." நடுவில் நாலு நாள் வெயில் கொளுத்தியது. ஆபீஸ் மதிலோரம் பிள்ளைகளுக்கு வேர்க்குரு வெடித்தது. பொன்னுத்தங்கத்தின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஆவுடைத்தாய் ஓலைத்தட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிழல் கட்டிக்கொடுத்தாள், மோர் கொண்டுபோனாள், பகல் முழுக்க அங்கேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்கு ஏன் அத்தை இம்புட்டுச் சிரமம்?" என்று பொன்னுத்தங்கம் கேட்டதற்கு, தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலை குனிந்து வேலுச்சாமி பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு இரண்டு நாள் பேய்க்காற்றும் மழையும் அடித்தன. யாரும் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் வெள்ளி பளிச்சென்று விடிந்தது. ஊரே வேம்படிக்குப் போனபோது புல்லுருவி இலை முழுக்கக் கொட்டிக் கீழே பாயாகக் கிடந்தது. முனியசாமி கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எறங்கிட்டா! முத்தெல்லாம் உதிர்ந்துருச்சு!" குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. மஞ்சள் குடங்கள் வரிசையாக வந்தன. பொன்னுத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பழைய சேலையைக் கிழக்குக் கிளையில் வீசிப்போட்டு முடிச்சுப் போட்டாள். தொட்டிலை விரித்துப் பிள்ளையைக் கிடத்தக் குனிந்தாள்.

வேலுச்சாமி அப்போது சம்சாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த சந்தோஷம் அந்த முகத்தில் இருக்கும் என்று நினைத்தார். அவள் வாய் திறந்தபடி, கண் நிலைகுத்தி நின்றாள். அவரும் அண்ணாந்தார்.

இத்தனை காலமும் அந்தக் கிளையில் பச்சையாகத் தெரிந்ததெல்லாம் புல்லுருவியின் பச்சை. அது உதிர்ந்ததும் உள்ளே இருந்தது வெட்டவெளிச்சமாகிவிட்டது. முண்டு வரைக்கும்தான் வேம்புக்கு உயிர். முண்டுக்கு அப்பால், தொட்டில் கட்டுகிற இரண்டு ஆள் நீளத்துக்கு, ஒரு இலை கிடையாது, தோல் கிடையாது, வெளுத்துப்போன கட்டை. முண்டின் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்தக் கட்டையில் வரிசையாக ஒன்பது இடம், தொட்டில் உராய்ந்து உராய்ந்து வழவழவென்று தேய்ந்திருந்தது. கிளை ஒருநாள் விழும் என்று பயந்தவளுக்கும், அது செத்து எத்தனையோ நாளாகிவிட்டது என்று தெரிந்திருக்கவில்லை.

"போடாத!" என்று கத்தினாள். கத்தியது அவள் குரல் மாதிரியே இல்லை. "பிள்ளையைப் போடாத பொன்னுத்தங்கம்! தள்ளி வா!"

குலவை நின்றது. "ஏன் தாயி, இன்னும் எறங்கலையா?" என்றார் முனியசாமி, குடத்தை ஏந்தியபடி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். வேலுச்சாமியே மனசுக்குள், சொல்லித் தொலையேன் என்று கெஞ்சினார். ஆவுடைத்தாய் பூசாரியைப் பார்த்தாள், பீடத்தைப் பார்த்தாள்.

"அம்மை இல்ல" என்றாள். "அம்மா வரவுமில்ல, எறங்கவுமில்ல. புல்லுருவி சாகணும்னு நான்தான் பூசணத்தைக் கரைச்சுப் பூசினேன். முத்து நான் போட்டது. ரெண்டு வாரமா எறங்கல எறங்கலன்னு சொன்னதும் மஞ்சத்தண்ணி படக்கூடாதுன்னுதான்."

முனியசாமியின் கையிலிருந்து குடம் நழுவியது. மஞ்சள் தண்ணீர் எல்லார் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது. ஒருவர்கூட நகரவில்லை. யாரோ ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள்.

"அப்ப எம்பிள்ளை வெயில்ல கெடந்தது உங்களாலயா அத்தை?" என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். கோபம்கூட இல்லை, நம்பமுடியாத திகைப்புத்தான் இருந்தது.

"ஆமா தாயி. என்னாலதான்."

"காய்ச்சல் வந்ததும்?"

"அதுவும் என்னாலதான்."

"அய்யோ அத்தை!" என்று பொன்னுத்தங்கம் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்னால் போனாள். கூட்டமும் அவளோடு பின்னால் நகர்ந்தது. மரத்தடியில் ஆவுடைத்தாய் மட்டும் நின்றாள். போய்ப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று வேலுச்சாமிக்குத் தோன்றியது, கால் வரவில்லை. அதை நினைத்து அவர் பிற்பாடு பல நாள் வெட்கப்பட்டார்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பொன்னுத்தங்கம் கட்டியிருந்த காலித் தொட்டிலை இரண்டு கையாலும் பிடித்தாள். "அம்மன் மரம்!" என்று முனியசாமி அலறினார். அவள் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். அவள் பாரம் முழுக்கக்கூட அதற்குத் தேவைப்படவில்லை. சடசடவென்று முண்டோடு முறிந்து, இரண்டு ஆள் நீளக் கட்டையும் அவள் முன்னால் விழுந்து புழுதியைக் கிளப்பியது. அவள் பின்னால் மல்லாந்து விழுந்தாள்.

புழுதி அடங்கியது. பிறகு தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளை ஆடிய இடத்தை அந்தக் கட்டையில் தேடிப் பார்த்தார்கள். பார்த்த இடத்திலேயே சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். முனியசாமி தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வேலுச்சாமிக்கு இப்போதுதான் கால் வந்தது. ஓடிப்போய்க் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து கட்டைக்குப் பக்கத்தில் போனாள். இழுத்த இழுப்பில் சேலை முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகம் வைத்துப் பார்த்தாள், அவிழவில்லை. குனிந்து, பல்லால் கடித்து மெதுவாக அவிழ்த்தாள். அவிழ்ந்த சேலையை உதறி, தூசு தட்டி, நாலாக மடித்து, முகத்தை நிமிர்த்தாமல் பொன்னுத்தங்கம் நின்ற பக்கமாக நீட்டினாள்.